தராசண்ணனும் ஒன்பதாம் பக்கமும்

கண்ணால் பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ளாத ஒருவர், பத்து மாதம் கண்ணிலேயே படப்போகாத ஒன்றுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

எடைமேடையில் லாரி ஏறி நின்றதும் அவர் சிவப்பு எண்களைப் பார்ப்பதில்லை. எழுந்து வெளியே வந்து சக்கரங்களைப் பார்க்கிறார். கடைசிச் சக்கரம் மேடையின் விளிம்பைவிட்டு நான்கு விரல் வெளியே நின்றால் எண் குறையும். தார்ப்பாயின் மடிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தால் எண் கூடும். வண்டியை ஒருமுறை சுற்றி வருவார், குனிந்து அடியில் பார்ப்பார், இருக்கைக்குப் பின்னால் யாராவது படுத்திருக்கிறார்களா என்று ஏறிப் பார்ப்பார். டிரைவர் இறங்கி மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அறைக்குள் போய் எண்ணைப் படிப்பார், சீட்டை அச்சடிப்பார், கையெழுத்துப் போடுவார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வண்டி. பத்தொன்பது வருடம்.

டிரைவர்கள் அவரைத் தராசண்ணன் என்பார்கள். அவசரத்தில் இருப்பவர்கள் வேறு பெயர்களும் வைத்திருக்கிறார்கள். "கடவுளே வண்டி ஓட்டிட்டு வந்தாலும், எறங்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கம்பாரு" என்று ஒரு பழைய இரும்பு லோடுக்காரர் என்னிடம் சொன்னார். அதில் பாதி புகார், பாதி பெருமை. அளப்பது என்பது சந்தேகப்படுவதன் மரியாதையான வடிவம் என்று எனக்குத் தோன்றும். அந்த மரியாதையை எல்லா லாரிக்கும் ஒரே மாதிரி கொடுக்கிறார் என்பதைத் தவிர, அவரைப் பாராட்ட எனக்கு வெகுநாள் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்.

அவருக்கு ஒரே மகள், பதினேழு வயது. இளைஞர் பரிமாற்றத் திட்டம் ஒன்றுக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் விண்ணப்பித்து, பன்னிரண்டு பேர் தேறியதில் அவளும் ஒருத்தி. இங்கிருந்து பன்னிரண்டு பேர் அங்கே போவார்கள். அங்கிருந்து பன்னிரண்டு பேர் இங்கே வருவார்கள். பத்து மாதம் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளிக்கே போக வேண்டும். அது பூமி உருண்டையில் தேடுவதற்கு உருண்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய தூரத்தில் இருக்கும் நாடு. வருடத்தில் பாதி நாள் பனி. கடிதம் வந்த அன்று தாயும் மகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அவர் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எத்தனை கிலோ கொண்டு போலாம்?"

இருபத்து மூன்று என்று பதில் வந்தது. அடுத்த இரண்டு மாதம் அவருக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது.

பெட்டியை எடை போட வேண்டுமென்றால் அவர் மனைவியிடம் கொடுத்தால் போதும். அந்த அம்மாள் கூரியர் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் மேசையில் இருக்கிறார். அவர் முன்னால் உள்ள தராசு ஒரு காகித உறைக்கும் கிராம் சொல்லும். ஒரே வீட்டில் ஒருவர் டன்னிலும் ஒருவர் கிராமிலும் பேசுவதால், பதினெட்டு வருடமாக அவர்கள் பெரும்பாலும் நடுவில் எங்கேயும் சந்தித்துக்கொண்டதில்லை. அவர் பெட்டியைத் தம் மேடைக்கே கொண்டுபோனார். அறுபது டன் தாங்கும் மேடையின் நடுவில் ஒரு நீலப் பெட்டி மட்டும் தனியாக நின்றது. வரிசையில் ஏழு லாரிகள் காத்திருந்தன.

அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். ஒற்றைக் கிலோவில் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. இது அவருக்கும் தெரியும். எனவே ஒரு யோசனை வைத்திருந்தார். பெட்டியில் சாமான்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எண் இருபதிலிருந்து முப்பதுக்குத் தாவும் நொடியில் எடை இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். அதிலிருந்து இரண்டு கிலோ எடுத்துவிட்டால் கணக்கு சரி. கணக்கில் குற்றமில்லை. ஒரு ஸ்வெட்டர் வைத்தார், இருபது. ஒரு ஜோடி பூட்ஸ் வைத்தார், இருபது. அகராதி வைத்தார், இருபது.

"அண்ணே, உள்ள ஜல்லியா?" என்று முதல் லாரிக்காரர் கேட்டார்.

"ஓவர்லோடு இல்ல. நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு."

இஸ்திரிப் பெட்டி வைத்ததும் எண் தாவியது. அதை எடுத்து வெளியே வைத்தார். திருப்தியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் மனைவி சத்தம் போடாமல் பெட்டியை அலுவலகத்துக்கு உருட்டிக்கொண்டு போய்த் திரும்பிவந்து, இருபத்தேழு கிலோ முந்நூற்று நாற்பது கிராம் என்றார்.

"உங்க மேடைக்கு இந்தப் பெட்டியெல்லாம் கொசு மாதிரிங்க. அதுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"காத்து அடிச்சுது" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "உன் தராசுக்குக் கடைசியா எப்ப முத்திரை போட்டாங்க?" என்று கேட்டார்.

பெட்டி கட்டுவதிலும் அவருக்கு லாரி நியாயம்தான். கனமானதெல்லாம் சக்கரத்துக்கு மேலே வர வேண்டும், இல்லையென்றால் திருப்பத்தில் கவிழ்த்துவிடும் என்று மகளுக்கு விளக்கினார். அந்தப் பெட்டிக்கு நெல்லிக்காய் அளவில் இரண்டு சக்கரம். எல்லாம் அடுக்கி மூடிய பிறகு மேலே நைலான் கயிறு போட்டு, லோடு கட்டும் முடிச்சு ஒன்று போட்டார். அதை அவிழ்க்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு மூன்று நாள் ஆனது. டார்ச் இரண்டு, விசில் ஒன்று, உதிரிக் கயிறு பத்து மீட்டர், தொலைபேசி எண்கள் எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை நான்கு. அவர் காலையில் வைப்பதை அவள் மாலையில் எடுத்து அலமாரியில் திருப்பி வைப்பாள். மறுநாள் அவர் மறுபடி வைப்பார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அப்பாவும் மகளும் இவ்வளவு ஒற்றுமையாக வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

குளிர் விஷயத்தையும் அவர் சும்மா விடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி எடை போட வரும். மகளுக்கு வாங்கிய தடித்த கோட்டைத் தாம் மாட்டிக்கொண்டு, கை நுழையும் மட்டும் நுழைத்து, பட்டன் போட முடியாமல், அந்த வண்டியின் குளிர்ப்பெட்டிக்குள் ஏறி நின்றார். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. டிரைவர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, கையில் சீட்டோடு ஏழு நிமிடம் காத்திருந்தார். வீட்டுக்கு வந்து அவர் தந்த அறிக்கை இது:

"மூக்கைத் தவிர மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு. மூக்குக்கு ஏதாவது பண்ணணும்."

உங்களையும் சேர்த்து எடை போட்டு எவன் தலையில் கட்டினீர்கள் என்று மனைவி கேட்டதற்கு மட்டும் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எடை போட்டு முடித்த பிறகுதான் ஏறினேன் என்று மூன்று முறை சொன்னார்.

எடைமேடை அறையில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டினார், அந்த நாட்டு நேரம் காட்ட. பதினொன்றரை மணி நேரம் பின்னால். சீட்டு வாங்க வருபவர்கள் தவறான கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்கள். அதைவிட வேடிக்கை, பிற்பகல் இரண்டு மணி ஆனால் அவர் குரல் தானாகத் தணிந்துவிடும். அங்கே அப்போது விடியாத இரண்டரை மணி. யாரோ தூங்குகிறார்கள் என்பது போல, இருபத்தெட்டு டன் என்று ரகசியமாகச் சொல்வார். அவள் புறப்படவே இன்னும் ஆறு வாரம் இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது சம்மதப் படிவம் வந்தது. பதினான்கு பக்கம். நான் சும்மா புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பவன் என்பதால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எட்டுப் பக்கம் வரை அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. அவளுக்கு அங்கே திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய், அறுவைச் சிகிச்சை போன்ற எதற்காவது டாக்டர்கள் ஒப்புதல் கேட்டால் யார் சொல்வது? முதல் கட்டத்தில் குறி போட்டால், அவளை வைத்திருக்கும் குடும்பமே முடிவு செய்யலாம். இரண்டாவதில் போட்டால், பெற்றோரைக் கேட்டு அவர்கள் பதில் சொன்ன பிறகுதான்.

நான் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"ரெண்டுலயும் ஓட்டை இருக்கு சார்" என்றார்.

மனைவிக்கு அதில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. பெற்றவர்கள் நாம், நம்மைத்தான் கேட்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இரண்டாம் கட்டத்தைத்தான் எல்லாப் பெற்றோரும் குறிப்பதாகத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரும் தொலைபேசியில் சொன்னார். தராசண்ணனுக்கு அதுவும் போதவில்லை. கேட்டால் எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்? போன் கிடைக்காவிட்டால்? இரண்டாம் கட்டத்துக்குத் தாம் லாயக்கா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தார். ஒரு நாள் முழுக்க, நினைத்த நேரத்தில் ஐந்து முறை தம்மைக் கூப்பிடும்படி மகளிடம் சொன்னார். மூன்றை எடுத்தார். இரண்டு தவறிப்போயின: ஒருமுறை லாரிக்கு அடியில் குனிந்திருந்தார், ஒருமுறை ஹாரன் சத்தத்தில் மணி கேட்கவில்லை. இதைத் தோல்வி என்று அவர் சொல்லவில்லை. சோதனையை மறுநாளும் வைத்தார். மறுநாள் நான்கு. ஐந்தாகவில்லை.

கையெழுத்து இல்லாமல் நாட்கள் போயின. அடுத்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் படிவம் வராவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக உள்ள பையனுக்கு அந்த இடம் போய்விடும் என்று ஒருங்கிணைப்பாளர் கடைசியாகச் சொன்னார். அவர் குரல் இனிமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒன்று மாறியது. அவர் காலையில் பெட்டியில் வைத்தவை மாலையிலும் பெட்டியிலேயே இருந்தன. முதலில் கவனித்தது மனைவி.

"அவ எடுக்கறத நிறுத்திட்டா, பாத்தீங்களா?"

"நல்லதுதானே."

"நல்லதா? போகப் போறவதான் எடுப்பா."

 அன்று இரவுச் சாப்பாட்டை அவர் பாதியில் விட்டுவிட்டதாக மறுநாள் அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரா கவலையாகச் சொன்னாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவளை ஏற்கவிருந்த குடும்பத்தோடு செல்போனில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடாகியிருந்தது. அவர் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாற்பத்தொன்று. மாடிப்படி எத்தனை, கைப்பிடி உண்டா? நாய் இருக்கிறதா, இருந்தால் எத்தனை கிலோ? ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், பனி பெய்தால் எவ்வளவு நேரம்? மகள் மொழிபெயர்க்க வேண்டும். மனைவி பின்னால் நின்று தலையைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கதவருகே ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்காரர் பள்ளியில் தச்சுவேலை கற்றுக்கொடுப்பவர், அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் அந்த வீட்டு அம்மாள்தான். நகரப் பஸ் ஓட்டுகிறாராம். இதைக் கேட்டதும் அவர் நோட்டில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். வண்டியின் எடை என்ன? அந்த அம்மாள் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: காலியாகப் பன்னிரண்டு டன், ஆட்களோடு பதினெட்டு. அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "எடை தெரிஞ்சு ஓட்டறாங்க" என்றார். அவர் ஒருவருக்கு நற்சான்று கொடுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பதினேழாவது கேள்வி ஒன்பதாம் பக்கத்தைப் பற்றியது. அவளுக்கு முடியாமல் போய், டாக்டர் அறுக்க வேண்டும் என்று சொன்னால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? மகள் அதை மொழிபெயர்க்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் ஓட்டும் அம்மாள் கணவரைப் பார்த்தார், யோசித்தார், பிறகு நான்கைந்து சொற்களில் ஏதோ சொன்னார். மகள் நிமிர்ந்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"'முதல்ல அவளைத்தான் கேட்போம்'னு சொல்றாங்கப்பா."

"அவளைன்னா?"

"என்னைத்தான்."

அவர் மகளை உற்றுப் பார்த்தார். லாரியைச் சுற்றி வரும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"இது அவங்க சொன்னதா பாப்பா, நீ சேத்ததா?"

"அவங்க சொன்னதுதாம்ப்பா."

எனக்கும் அந்த மொழி அரைகுறையாகத் தெரியும். அவள் எதையும் சேர்க்கவில்லை. என்னைக் கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன், அவர் கேட்கவில்லை. நோட்டை மூடினார். இன்னும் இருபத்து நான்கு கேள்வி பாக்கி இருந்தது. மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டு, செல்போனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அது வணக்கமா, வண்டியை நிறுத்தச் சொல்லும் சைகையா என்று அந்த அம்மாளுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். அவரும் கையை உயர்த்தினார்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன், வியாழனும் போயின. படிவம் அவர் மேசை இழுப்பறையில், சீட்டுக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. மனைவி இரண்டு முறை நினைவூட்டினார்.  மகள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்ற பயமா, கேட்டும் கொடுக்காவிட்டால் என்ற பயமா, தெரியவில்லை. தோழி ஒருத்தி தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னபோது, "இன்னும் முடிவாகல" என்று அவள் சொன்னதை மாடிப்படியில் ஏறும்போது கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு அவள் என் கதவைத் தட்டினாள். படிவத்தில் உறவினர் அல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், எடைமேடைக்கு வர முடியுமா என்று கேட்டாள். அப்பா கூப்பிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். நடக்கும் வழியில் அவள் பேசியது இவ்வளவுதான்.

"அம்மா சொன்ன ரெண்டாவது கட்டத்துலயே போட்டாலும் பரவால்ல சார். ஏதோ ஒண்ணுல போட்டாப் போதும்."

மேடையில் ஒரு மணல் லாரி நின்றது. பின்னால் நான்கு வண்டி. அவர் சக்கரங்களைப் பார்த்துவிட்டு அறைக்குள் திரும்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. சீட்டை அச்சடித்தார், கையெழுத்துப் போட்டார், மணல் லாரியை அனுப்பினார். அடுத்த வண்டி மேடையில் ஏறுவதற்குள் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒன்று. சீட்டில் போடும் அதே கையெழுத்து, அதே வேகம். ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம். பன்னண்டுக்கு எறக்கணும்."

"எங்களுக்கும் பன்னண்டுதான்" என்றார் அவர், நிமிராமல்.

ஒன்பதாம் பக்கம் வந்தது. பேனா நின்றது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள். அவர் முதல் கட்டத்தில் குறி போட்டார். அவளை வைத்திருக்கும் குடும்பமே முடிவு செய்யலாம் என்ற கட்டம். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தாம் பக்கத்துக்குத் திருப்பினார். பதினான்கும் முடிந்ததும் என் பக்கம் நீட்டினார். நான் சாட்சியின் இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று அன்று மாலை மனைவி கேட்டிருக்கிறார். லாரி நின்றுகொண்டிருந்தது என்று சொன்னாராம். ஒரு வாரம் கழித்து நானும் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, நான் எத்தனை கிலோ இருப்பேன் என்று விசாரித்தார். அவள் போய் ஏழு மாதம் ஆகிறது; இன்று வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, படிவத்தை வாங்கிய மகள் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒருமுறை பார்த்தது போதாமல் மறுபடியும் பார்த்தாள்.

"அப்பா, முதல் கட்டத்துல போட்டிருக்கீங்க."

"ம்."

அவள் தன் பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தாள். அதே ஒன்பதாம் பக்கம், புதியது, எதுவும் எழுதாதது. அப்பாவை அறிந்த மகள். முன்யோசனையாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். "மாத்தணும்னா இது இருக்கு. இன்னும் நேரம் இருக்குப்பா" என்று ஜன்னல் வழியாக நீட்டினாள்.

அவர் அதை வாங்கினார். மேசையில் கவிழ்த்துப் போட்டு, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் சிமெண்ட் லாரியின் எண்ணை எழுதிக்கொண்டார்.